மூன்று மருந்துச் சீட்டுகளும் போலி என்று தெரிந்த பிறகு: மருந்துக்கடை நடத்தும் வாசகிக்குப் பதில்

கேள்வி: நான் டி.ஃபார்ம் முடித்து, தென் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் சொந்தமாக மருந்துக்கடை நடத்துகிறேன். உதவிக்கு இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். சென்ற மாதம் இளைஞர்கள் மூன்று பேர், வெவ்வேறு நாட்களில், மாவட்டத் தலைநகரில் உள்ள ஓர் எலும்பு மருத்துவரின் லெட்டர்பேடில் எழுதிய சீட்டுகளைக் காட்டி டேப்பன்டடால் என்ற வலி மாத்திரையும் அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையும் வாங்கிச் சென்றார்கள். பிறகு சந்தேகம் வந்து அந்த மருத்துவமனைக்குப் பேசினேன். அப்படி யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். மருந்துகள் ஆய்வாளரிடம் போய்ச் சொன்னால் என் உரிமத்துக்கே ஆபத்து வருமோ என்று பயமாக இருக்கிறது. போலிச் சீட்டைக் கண்டுபிடிப்பது எப்படி? இல்லை என்று சொன்னால் சண்டைக்கு வருகிறவர்களை எப்படிச் சமாளிப்பது? பல வருடமாக என்னிடம் அல்பிரசோலம் வாங்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் இருப்பதும் பழைய சீட்டுதான். அவருக்கும் நிறுத்திவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சந்தேகம் வந்ததும் மருத்துவமனைக்குப் பேசினீர்களே, அது சரியான காரியம். அதன் பிறகு பேசாமல் இருப்பதுதான் உங்களுக்கு ஆபத்தாக முடியும். நாளை அந்த இளைஞர்களில் ஒருவர் வேறோர் இடத்தில் மாத்திரையோடு பிடிபட்டால், அட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் தொகுதி எண்ணை, அதாவது பேட்ச் எண்ணை, வைத்து மொத்த விற்பனையாளர் வழியாக உங்கள் கடையை வந்தடைவது விசாரணை அதிகாரிக்குப் பெரிய வேலை இல்லை. அந்த நாளில், ஏமாற்றப்பட்டதைத் தாமாகவே எழுத்தில் தெரிவித்தவர் என்ற நிலையில் நீங்கள் இருப்பதற்கும், விஷயம் தெரிந்த பின்னும் மறைத்தவர் என்ற நிலையில் இருப்பதற்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரியது. ஓய்வு பெறும்வரை மருந்துகள் ஆய்வாளராக இருந்தவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்: தானாக வந்து சொன்ன கடைக்காரரிடம் ஆய்வாளர் கேட்கும் கேள்விகளும், தேடிப்போய்ப் பிடித்த கடைக்காரரிடம் கேட்கும் கேள்விகளும் ஒன்றாக இருப்பதில்லை.

ஆகவே இந்த வாரமே உங்கள் சரக மருந்துகள் ஆய்வாளருக்கு ஒரு கடிதம் எழுதி, உரிமம் வழங்கும் அதிகாரியான உதவி இயக்குநருக்கு அதன் நகலை அனுப்பி, இரண்டுக்கும் ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். விற்ற தேதி, ரசீது எண், மருந்தின் பெயர், வலிமை, எண்ணிக்கை, தொகுதி எண், சீட்டில் கண்ட மருத்துவர் பெயரும் பதிவு எண்ணும், மருத்துவமனையோடு நீங்கள் பேசிய நாளும் நேரமும், பேசியவர் யார் என்பதும் கடிதத்தில் இருக்க வேண்டும். மருத்துவமனை சொன்னதை அவர்களிடமிருந்தே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தம் பெயரும் கையெழுத்தும் திருடப்பட்ட வகையில் அந்த மருத்துவரும் பாதிக்கப்பட்டவரே என்பதால், பெரும்பாலும் மறுக்க மாட்டார். காவல் நிலையத்தில் அவரும் நீங்களும் தனித்தனியே புகார் கொடுப்பது நல்லது. பொய் ஆவணம் புனைவதும், பொய் என்று தெரிந்தே அதை மெய்யானதாகப் பயன்படுத்துவதும் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 336, 340 ஆகிய பிரிவுகளில் வரும் குற்றங்கள். கண்காணிப்பு கேமரா இருந்தால் அந்த நாட்களின் பதிவை இன்றே தனியே எடுத்து வையுங்கள். குறிப்பிட்ட நாட்களுக்குப் பின் பழைய பதிவின் மேல் புதியது தானாக ஏறிவிடும்.

இதோடு ஓர் எச்சரிக்கை. மருந்து விற்பனைப் பதிவேட்டில் ஏதேனும் விடுபட்டிருந்தால் விடுபட்டபடியே இருக்கட்டும். பின்தேதியிட்டு எழுதிச் சேர்ப்பது, மை மாற்றித் திருத்துவது, தாளைக் கிழித்துப் புதிதாக எழுதுவது ஆகியவற்றில் எதையும் செய்யாதீர்கள். விடுபட்ட பதிவுக்கு விளக்கம் கேட்பார்கள், அதைச் சொல்லிவிடலாம். திருத்திய பதிவுக்குச் சொல்ல விளக்கம் எதுவும் இருக்காது.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான கேள்விக்கு வருகிறேன். போலிச் சீட்டைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன், என் அனுபவத்தில் போலிச் சீட்டைக் காட்டிலும் அதிகமாகக் கட்டுப்பாட்டு மருந்தை, அதாவது போதைக்குப் பயன்படக்கூடும் என்று விற்பனையைக் கட்டுப்படுத்தியிருக்கும் மருந்தை, வெளியே கொண்டுபோனது மெய்யான சீட்டு என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு மருத்துவரிடம் முதுகுவலி என்று சொல்லி முறையாக வாங்கிய ஒரே சீட்டு, ஒரே மாலையில் பேருந்து நிலையத்துக் கடையில் தொடங்கி ஊரின் மறுகோடி வரை ஐந்தாறு கடைகளில் காட்டப்படும். கையெழுத்தும் முத்திரையும் பதிவு எண்ணும் சரியாக இருப்பதால் ஒவ்வொரு கடைக்காரரும் மனச்சாட்சியோடு பத்துப் பத்து மாத்திரை கொடுப்பார். அவர்களில் யாரும் தவறு செய்ததாக நினைக்கவில்லை, ஆனால் ஐம்பது அறுபது மாத்திரை ஒரே கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அமெரிக்க மாநிலங்களில் இருப்பது போல, ஒரு கடையில் கொடுத்ததை அடுத்த கடை கணினியில் பார்த்துக்கொள்ளும் பொதுவான கண்காணிப்பு நம் கடைகளுக்கு இடையே கிடையாது. நம்மிடம் அந்த வேலையைச் செய்யக்கூடிய ஒரே இடம் அந்தச் சீட்டின் தாள்தான்.

1945ஆம் ஆண்டு மருந்துகள் விதிகளை எழுதியவர்கள் இதை அன்றே கண்டிருக்கிறார்கள். 65ஆம் விதியின் 11ஆம் உட்பிரிவு, மருந்து கொடுக்கும்போது, மருத்துவரின் கையெழுத்துக்கு மேலே, கொடுத்த கடையின் பெயர், முகவரி, கொடுத்த தேதி ஆகியவற்றைச் சீட்டிலேயே குறிக்க வேண்டும் என்கிறது. மருத்துவர் மறுமுறையும் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தாலன்றி ஒரு சீட்டுக்கு ஒரு முறைக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பதும் அதே உட்பிரிவில் இருக்கிறது. நடைமுறையில் எத்தனை கடைகள் இதைச் செய்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். பில்லைப் போட்டு, மாத்திரையை உறையில் இட்டு, சீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். கடைப் பெயரும் ஊரும், தேதிக்கும் எண்ணிக்கைக்கும் இடமும் கொண்ட ஒரு ரப்பர் முத்திரை செய்து கல்லாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். கட்டுப்பாட்டு மருந்து உள்ள ஒவ்வொரு சீட்டிலும், வாங்குபவர் யாராக இருந்தாலும், கையெழுத்தின் மேல் சற்றே படும்படியாகக் குத்திவிட்டு, கொடுத்த எண்ணிக்கையைப் பேனாவால் எழுதுங்கள். “அக்கா, சீல் வைக்காமல் கொடுங்கள்” என்று ஒருவர் கேட்டால், அவர் அடுத்த கடைக்குப் போகும் எண்ணத்தில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் ஊர் மருந்து வணிகர் சங்கத்தில் பேசி எல்லாக் கடைகளும் இந்த ஒன்றை மட்டும் செய்தால்கூட, ஊருக்குள் ஒரே சீட்டு சுற்றுவது ஏறக்குறைய நின்றுவிடும்.

முழுக்கப் புனைந்த சீட்டைத் தாளைப் பார்த்தே கண்டுபிடிக்கும் கலை இப்போது முன்போல் உதவுவதில்லை. வண்ண நகல் இயந்திரமும் கைப்பேசிச் செயலிகளும் வந்தபின், லெட்டர்பேடின் அச்சு முத்திரையோடு சேர்ந்து அப்படியே கிடைத்துவிடுகிறது. ஆயினும் சில அடையாளங்கள் உண்டு. மருத்துவர்கள் வழக்கமாக எழுதும் சுருக்கங்கள் இல்லாமல் பாடப்புத்தகம் போல முழுச் சொற்களில் எழுதியிருப்பது, பத்து என்ற எண்ணுக்குப் பின் ஒரு சுழியம் மட்டும் சற்றே வேறு அழுத்தத்தில் இருப்பது, கையெழுத்தின் மையை ஈரவிரலால் தொட்டால் கரையாமல் அச்சாகவே நிற்பது போன்றவை அவை. பந்துமுனைப் பேனாவும் கரையாது என்பதால் கடைசியாகச் சொன்னதை மட்டும் நம்பிவிடாதீர்கள். நான்கு மருந்து எழுதிய சீட்டைக் காட்டி, “மற்றதெல்லாம் வீட்டில் இருக்கிறது, இது மட்டும் போதும்” என்று கட்டுப்பாட்டு மருந்தை மட்டும் கேட்பதும், அதனோடு ஊசியும் நீர்மமும் கேட்பதும் தாளில் தெரியாத, ஆனால் தாளைவிட நன்றாகப் பேசும் அடையாளங்கள். டேப்பன்டடாலைப் பொடித்துக் கரைத்து இரத்தக் குழாயில் ஏற்றிக்கொள்ளும் பழக்கத்தால் தமிழ்நாட்டில் இளைஞர்கள் இறந்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். விழுங்குவதற்கென்று செய்த மாத்திரையில் உள்ள மாவும் பிணைப்புப் பொருளும் இரத்தத்தில் கரையாமல் நுரையீரலின் நுண்குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும்.

தாளை ஆராய்வதில் செலவிடும் நேரத்தை, தாளை எழுதியவரை எட்டுவதில் செலவிடுங்கள் என்பதே என் ஆலோசனையின் சாரம். 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி மருத்துவர் தம் பதிவு எண்ணைச் சீட்டில் குறிக்க வேண்டும். அந்த எண் அதே பெயருக்கு உரியதா என்பதைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். பெயரும் எண்ணும் பொருந்துவதால் மட்டும் சீட்டு மெய்யாகிவிடாது. புனைபவரும் அதே இணையதளத்தைப் பார்க்கக்கூடியவர்தான். எனவே தொலைபேசியில் பேசுங்கள். ஆனால் சீட்டில் அச்சிட்டுள்ள எண்ணுக்குப் பேசாதீர்கள். லெட்டர்பேடைப் புனைந்தவருக்கு அதில் தம் கூட்டாளியின் கைப்பேசி எண்ணைப் போட்டு அடிப்பது ஒரு பொருட்டே இல்லை. உங்கள் பகுதியில் எழுதும் மருத்துவர்கள், மருத்துவமனைகளின் எண்களை நீங்களே விசாரித்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருங்கள். பேசும்போது, “இன்னாருக்கு இந்த மருந்து எழுதினீர்களா?” என்று கேட்டால், கூட்டத்தின் நடுவே இருக்கும் வரவேற்பாளர் “ஆமாம்” என்று சொல்லி வைத்துவிடக் கூடும். “இந்தத் தேதியில் இந்தப் பெயருக்கு என்ன மருந்து, எத்தனை எழுதியிருக்கிறார்?” என்று கேளுங்கள், பதில் சொல்ல அவர்கள் ஏட்டைப் பார்த்தாக வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வந்த சீட்டைக் கைப்பேசித் திரையில் காட்டிக் கேட்பவர்களுக்கு விடை எளிது. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள், மருந்துகள் விதிகளில் மிகக் கடுமையான கட்டுப்பாடு உள்ள எக்ஸ் அட்டவணை மருந்துகளையும், போதைப்பொருள் சட்டத்தில் வரும் மருந்துகளையும் தொலைவழி ஆலோசனையில் எழுதக் கூடாது என்று விலக்கியிருக்கின்றன. மனநல மருத்துவத்துக்கென்று பின்னர் வந்த சில தளர்வுகள் தனி. அல்பிரசோலமும், தூக்க மருந்தான நைட்ரஸிபாமும், வலி மருந்தான டிரமடாலும் போதைப்பொருள் சட்டத்தில் வருபவை. டிரமடால் 2018 ஏப்ரலில் சேர்ந்தது. எது எதில் வருகிறது என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை; அட்டையின் இடது மேல் மூலையில் சிவப்பு எழுத்தில் ‘என்ஆர்எக்ஸ்’ என்று இருந்தால் போதைப்பொருள் சட்டம், ‘எக்ஸ்ஆர்எக்ஸ்’ என்று இருந்தால் எக்ஸ் அட்டவணை, சிவப்புக் கட்டத்துக்குள் ‘ஷெட்யூல் ஹெச்1’ என்ற எச்சரிக்கை இருந்தால், விற்பனையைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டிய ஹெச்1 அட்டவணை. அட்டவணைகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள் என்பதால், பழைய பட்டியலை விடப் புதிதாக வந்த அட்டையையே நம்புங்கள்.

ஹெச்1 பதிவேட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள இந்த ஏற்பாட்டின்படி, எழுதியவர் பெயரும் முகவரியும், நோயாளியின் பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். பல கடைகளில் இதை ஆய்வாளர் வரும் நாளுக்காக மாதக் கடைசியில் மொத்தமாக எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் அது காகிதம் மட்டுமே. விற்கும்போதே எழுதினால், ஒரே மருத்துவர் பெயரில் ஒரே வாரத்தில் மூன்று புது முகங்கள் வந்திருப்பது மூன்றாவது ஆள் எதிரே நிற்கும்போதே உங்கள் கண்ணில் பட்டிருக்கும். டேப்பன்டடால் போல அடிக்கடி தவறாகப் போகும் மருந்துகளை, அட்டவணை எதுவாக இருந்தாலும், இதே ஏட்டில் எழுதுங்கள். வாங்குபவர் நோயாளி அல்லாதவராக இருந்தால் அவர் பெயரையும் கைப்பேசி எண்ணையும் கேட்டுக் குறியுங்கள். விதி கேட்பதைவிட இது சற்று அதிகம்தான், ஆனால் எண்ணைக் கேட்டதுமே சிலர் சீட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவதைப் பார்ப்பீர்கள்.

மறுக்கும்போது எழும் தகராறு பற்றிக் கேட்டீர்கள். சீட்டு போலி என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. “டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தர்றேன், எங்க கடையில எல்லாருக்கும் இதுதான் வழக்கம்” என்று சொல்லித் தொலைபேசியைக் கையில் எடுங்கள். மெய்யான நோயாளி சலித்துக்கொள்வார், ஆனால் நிற்பார். மற்றவர் நிற்க மாட்டார். சீட்டைப் பறித்து வைத்துக்கொள்ளவோ கிழித்துப்போடவோ உங்களுக்கு அதிகாரம் கிடையாது. படம் எடுத்துக்கொண்டு, கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கூட்டமாக வந்து மிரட்டினால் மாத்திரையைவிட உங்கள் உயிர் பெரிது, அவசர எண்ணை அழையுங்கள். ஹெச்1, எக்ஸ் அட்டவணை மருந்து விற்கும் கடைகளில் கேமரா வைக்க வேண்டும் என்று பல மாவட்ட ஆட்சியர்கள் ஆணையிட்டிருக்கிறார்கள்; கேமரா கல்லாவைப் பார்த்து இருந்தால் பணியாளரைக் கண்காணிக்கலாம், வாசலைப் பார்த்தும் ஒன்று இருந்தால்தான் வந்தவர் முகமும் வண்டி எண்ணும் கிடைக்கும். பெயர் சொல்லாமல் தகவல் கொடுக்க விரும்பினால் போதைப்பொருள் தடுப்புக்கான 1933 என்ற தேசிய எண்ணும், தமிழகக் காவல்துறையின் 10581 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கின்றன.

உதவிக்கு இருக்கும் பையன்களைப் பற்றி ஒன்று. 1948ஆம் ஆண்டு மருந்தாளுநர் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி, மருத்துவர் சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவுபெற்ற மருந்தாளுநரின் வேலை. நீங்கள் சாப்பிடப் போகும் நேரத்தைத் தெரிந்துகொண்டு வருபவர்கள் உண்டு என்பதால், கட்டுப்பாட்டு மருந்துகளைப் பூட்டிய அலமாரியில் வைத்துச் சாவியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இல்லாதபோது “அக்கா வந்துதான் தருவாங்க” என்ற ஒரே பதிலைச் சொல்லப் பழக்குங்கள். வாரம் ஒருமுறை கொள்முதல், விற்பனை, கையிருப்பு மூன்றையும் அந்த அலமாரிக்கு மட்டும் எண்ணிப் பாருங்கள். அப்படியே, உங்கள் உரிமத்தின் நகலை எவரேனும் கேட்டால் வெறும் நகலாக அனுப்பாமல், யாருக்கு, எதற்காக, எந்தத் தேதியில் என்று குறுக்கே எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். வேறு மாநில நிறுவனத்திடம் உங்கள் பெயரில் கொள்முதல் செய்ய ஒருவருக்கு அந்த நகல் போதுமானதாக இருக்கக் கூடும்.

கடைசியாக, அந்தப் பெரியவர். அவருக்குத் திடீரென்று நிறுத்தாதீர்கள். ஆண்டுக்கணக்கில் அல்பிரசோலம் எடுத்தவருக்கு ஒரே நாளில் நின்றுபோனால் தூக்கமின்மை, நடுக்கம், கடும் பதற்றம் என்று தொடங்கி வலிப்பு வரையில் போகலாம். அளவைக் குறைப்பதாக இருந்தாலும் மருத்துவர் பார்த்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதே சமயம், ஒருமுறை கொடுத்து முடிந்த பழைய சீட்டுக்கு மீண்டும் மீண்டும் கொடுப்பதும் விதிப்படி தவறு; பழகிய முகம் என்பது விதிவிலக்கு ஆகாது. கையில் உள்ள மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்னதாகவே அவர் வீட்டாரிடம் சொல்லி, மருத்துவரை நேரில் பார்த்துப் புதிய சீட்டு வாங்கச் செய்யுங்கள். தொடர்ந்து தேவை என்று மருத்துவர் கருதினால், எண்ணிக்கையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, ‘முப்பது நாள் இடைவெளியில் மூன்று முறை கொடுக்கலாம்’ என்று குறித்துக் கையெழுத்திட விதி இடம் தருகிறது. ஒருவர் தம் சிகிச்சைக்காக இவ்வகை மருந்தை ஒரு நேரத்தில் 100 மருந்தளவு, அதாவது 100 மாத்திரை, வரை வைத்திருக்கலாம் என்றும், நீண்டகாலச் சிகிச்சைக்கென்று மருத்துவர் தனியே எழுதினால் 300 வரை போகலாம் என்றும் போதைப்பொருள் விதிகள் சொல்வதால், அவர் பயப்படவும் வேண்டியதில்லை. அந்தப் புதிய சீட்டின் நகல் ஒன்றை அவர் பெயரிட்ட உறையில் உங்கள் கடையிலேயே வைத்துக்கொண்டு, மூலச் சீட்டில் மாதந்தோறும் முத்திரை குத்திக் கொடுத்து வாருங்கள். மூன்றாவது முத்திரை விழும் நாளன்று, அடுத்த சீட்டுக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று அவர் மகனுக்கோ மகளுக்கோ ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.